பிடுங்கிய புல்

டெட்லெஃப் நல்ல மனுஷன்தான், ஆனால் வாய்தான் அவனுக்கு எமன். தன் ஊரான ஓபர்ஹாகனின் கால்பந்து அணி என்றைக்கு முதல் லீகுக்கு ஏறுகிறதோ அன்றைக்குத்தான் ரோஸ்விதாவைக் கல்யாணம் கேட்பேன் என்று பீர் கடையில் எல்லோர் முன்னாலும் சபதம் போட்டுவிட்டான். மைதானத்தில் நின்று பார்க்கும் பக்கத்தில், ஒரே கம்பியில் சாய்ந்துகொண்டு வருஷக்கணக்காய் அவளோடு ஆட்டம் பார்ப்பவன். அணியோ இரண்டாம் லீகை விட்டு நகர்வேனா என்றது. பதினெட்டு அணிகளில் முதல் இரண்டுக்குத்தான் நேரே மேலே வழி. மூன்றாவதாக வந்தால், மேல் லீகில் கடைசியிலிருந்து மூன்றாவதாக நிற்பவர்களோடு இரண்டு ஆட்டம் மோதி ஜெயிக்க வேண்டும். ரோஸ்விதாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. எந்த லீகாய் இருந்தால் என்ன, அந்த ஒரு கேள்வியை அவன் கேட்டுத் தொலைத்தால் போதும் அவளுக்கு.

கடைசி நாளில் எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் ஆட்டம். ஓபர்ஹாகன் ஜெயித்து இரண்டாம் இடத்தில் நின்றது. ஒலிபெருக்கிக்காரர் ஓர் அவசரக்குடுக்கை. ஏறிவிட்டோம் என்று கத்தியேவிட்டார். ஊரே மைதானத்துக்குள் குதித்தது. ஞாபகத்துக்கு ஆளுக்கொரு பிடி புல்லை மண்ணோடு பிடுங்கினார்கள், அது அங்கே வழக்கம். டெட்லெஃபும் மூலைக்கொடி அருகே ஒரு துண்டைப் பேர்த்து, மண் உதிர உதிர அவள் கையில் வைத்தான். மோதிரம் வாங்கி வைக்கக்கூட நம்பிக்கை இல்லாத ஆள்.

"ரோஸி, என்னைக் கட்டிக்கிறியா?"

அவள் புல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சரியென்று தலையை ஆட்டினாள்.

அப்போதுதான் செய்தி வந்தது. வேறோர் ஊரில் ஆட்டம் முடியவே இல்லையாம். கூடுதல் நிமிடங்களில் அங்கே ஒரு கோல் விழுந்து, இரண்டாம் இடத்தை அவர்கள் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஓபர்ஹாகன் மூன்றாவது. அடுத்த வாரம் இதே மைதானத்தில் ஆட வேண்டும், பிடுங்கிய புல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள் என்று அதே ஒலிபெருக்கி கெஞ்சியது. வாட்டசாட்டமான ஆட்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மண்டியிட்டு ஒட்டுப்போட்டார்கள், பாவம்.

டெட்லெஃபின் முகம் தொங்கிப்போயிற்று. சபதம் சபதம்தானாம்.

"குடு ரோஸி, வெச்சிடலாம். நெஜமா ஏறினதும் மறுபடி கேக்கறேன்."

அவள் புல்லைக் கோட்டுக்குள் செருகிப் பொத்தானைப் போட்டாள்.

"யோவ், நீ கேட்டாச்சு, நான் தலையாட்டியாச்சு. குடுக்க மாட்டேன் போ."

"மைதானத்துல ஓட்டை விழும்."

"விழட்டும்."

விழுந்தது. அடுத்த வாரம் மூலைக்கொடி பக்கம் உள்ளங்கையளவு வெறும் மண் தெரிந்தது. இரண்டு ஆட்டத்திலும் ஓபர்ஹாகன் தோற்றது. அணி இன்னமும் இரண்டாம் லீகில்தான் கிடக்கிறது. ரோஸ்விதாவின் பால்கனித் தொட்டியில் அந்தப் புல் வேர்பிடித்துவிட்டது. காலையில் எழுந்ததும் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது டெட்லெஃப்தான்.