தைத்த சட்டைப்பை

செவ்வாய்க்கிழமை காலை பத்து பத்துக்கு, 'துணை' அமைப்பின் ஒன்பது வருட ரகசியம் ஒரு பிக்கப் வேனில் கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்து நின்றது.

புருஷனிடம் அடி வாங்கும் பெண்களுக்கு வக்கீல், டாக்டர், ஒளிந்திருக்க ஓர் இடம் என்று பார்த்துக் கொடுப்பது 'துணை'யின் வேலை. இதுவரை தேவராவில் ஒரு வாடகை வீடு. கேட்டில் தொங்கிய போர்டோ 'தையல் பயிற்சி, பெண்களுக்கு மட்டும்'. ஹாலில் மூன்று தையல் மெஷின்கள். ஒன்பது வருடத்தில் அங்கே ஒரு கைக்குட்டை தைக்கப்பட்டதாகக்கூடத் தகவல் இல்லை. வீட்டில் "தையல் கிளாஸ்" என்று சொல்லிவிட்டு வரும் பெண்களுக்காக அந்த ஏற்பாடு.

இப்போது சொந்தக் கட்டிடம். பழைய சுக்கு கோடவுன். மூன்று கோட் வெள்ளை அடித்தும் மாடி ஏறுகிறவர்கள் தும்மாமல் ஏற முடியவில்லை.

"இனிமே ஒளிவு மறைவு கிடையாது" என்று அறிவித்திருந்தார் வக்கீல் திரிபுரசுந்தரி. 'துணை'யை ஆரம்பித்தவர். ஆறடி நீளத்தில், நிஜப் பெயரோடும் நிஜ வேலையோடும், மலையாளத்திலும் தமிழிலும் புது போர்டு எழுதியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மாட்டுவதாகத் திட்டம். அதுவரை பேப்பர் சுற்றி வேனில் படுத்திருந்தது.

இடமாற்றத்துக்கு அவர் போட்ட லிஸ்ட் நாலு பக்கம். விளக்குமாறுக்குக்கூட ஒரு நம்பர்.

"மாமி, நீங்க ராக்கெட் விடப் போயிருக்கணும்" என்றாள் ஆபீஸைக் கவனித்துக்கொள்ளும் லக்ஷ்மி.

"கேலி பண்ணாதேடி. எதாவது விட்டுப்போயிருக்கா, சொல்லு."

விட்டுப்போனது வேனுக்கு முன்னால் வந்து நின்றது. நீலச் சட்டை போட்ட நாலு பேர்.

"சாமான் இறக்கறது நாங்களாக்கும், சேச்சி" என்றார் அவர்களில் மூத்தவரான ஒச்சப்பன். இந்த ஏரியாவில் எந்த வண்டி வந்தாலும் யூனியன் ஆட்கள்தான் இறக்க வேண்டும்.

"கொச்சில பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும், மாமி" என்றாள் லக்ஷ்மி. "நாலு பக்கத்துல ஒரு வரி எழுதியிருக்கப்படாதா?"

"எனக்கு ஞாபகம் இல்லேடி. இறக்கட்டும். நல்லதாப் போச்சு."

நல்லதாகப் போகவில்லை.

ஆறு மாதமாக 'துணை'யிடம் உதவிக்கு வந்துகொண்டிருக்கும் ரஜிதா, மாடியில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தவள், கீழே பார்த்தாள். துணி கையிலிருந்து நழுவியது. நாலாவது நீலச் சட்டைக்குள் இருந்தது அவள் புருஷன் சஜி.

சத்தமில்லாமல் படியிறங்கி வந்து லக்ஷ்மியின் கையைப் பிடித்தாள். "அக்கா, அவன்."

"வல்லார்பாடத்துலதானே லோடு ஏத்தறான்?"

"இங்க ஒரு ஆள் குறைஞ்சிருக்கும். பதிலுக்கு வந்திருக்கான்."

மறுநாள் காலை பதினொரு மணிக்கு எர்ணாகுளம் கோர்ட்டில் ரஜிதாவின் பாதுகாப்பு மனு. அந்த மனு பச்சை ஃபைலில். பச்சை ஃபைல் அந்த வேனில். சஜியைப் பொறுத்தவரை அவள் ஆறு மாதமாகத் தையல் கற்றுக்கொள்கிறாள். போன தடவை அவனுக்கு வெறும் சந்தேகம் வந்தபோதே அவளுடைய மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. இன்னும் ஒரு ராத்திரி அவனோடு ஒரே வீட்டில் கழிக்க வேண்டும்.

"பின்வாசல்?" என்றாள் ரஜிதா.

"கோடவுன்ல ஏது பின்வாசல்? ஒரே கதவு."

அந்த ஒரே கதவு வழியாக சஜி தலையில் ஒரு தையல் மெஷினோடு வந்துகொண்டிருந்தான்.

லக்ஷ்மி பறந்தாள். பழைய தையல் போர்டை வேனிலிருந்து உருவி வாசலில் சாய்த்தாள். பச்சை ஃபைலை மாமியின் கையில் திணித்தாள். மாமி அதை ஒரு நாற்காலியில் போட்டு, மேலே உட்கார்ந்து, சேலையைப் பரப்பிக்கொண்டார். கோர்ட்டில் உட்காரச் சொன்னாலும் உட்காராதவர், அதற்குப் பிறகு அரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

ஒச்சப்பன் பேப்பர் சுற்றிய போர்டைத் தட்டிப் பார்த்தார். "இதெந்தா?"

"கண்ணாடி" என்றாள் லக்ஷ்மி.

"வெயிட்டே இல்லையே?"

"சின்னக் கண்ணாடி. பெரிய ஃபிரேம்."

ஒச்சப்பன் அவளை ஒரு தரம் பார்த்தார். அதைத் தூக்கிப்போய்ச் சுவரோரம் வைத்தார். வைத்த வேகத்தில் ஒரு ஓரம் கிழிந்தது. ரஜிதா நகர்ந்துபோய் அந்தக் கிழிசலுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

மூன்றாவது மெஷினை இறக்கிய சஜி நிமிர்ந்தான்.

"எடீ! நீ இங்க என்ன செய்யற?"

"கிளாஸ் இங்க மாத்தறாங்கன்னு ஞாயித்துக்கிழமையே சொன்னேனே. நீங்க எங்க காது குடுத்தீங்க?"

அவன் ஹாலைச் சுற்றிப் பார்த்தான். மூன்று மெஷின். ஒன்றிலும் நூல் இல்லை.

"டீச்சர் யாரு?"

யோசிக்காமல் லக்ஷ்மியின் விரல் திரிபுரசுந்தரியைக் காட்டியது. முப்பது வருடம் கறுப்பு கவுன் போட்டவர். அது கிழிந்தபோதெல்லாம் ஊசியைத் தொடாமல் சேஃப்டி பின் குத்திக்கொண்டு போனவர்.

"எப்படி, நல்லா படிக்கறாளா டீச்சர்?"

"ஏதோ... பரவாயில்லை" என்றார் டீச்சர்.

"அப்ப இதத் தைக்கட்டும்." சஜி நீலச் சட்டையைக் கழற்றி வீசினான். மேல்பை ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது.

"குடுங்க சேட்டா, நான் தைச்சுத் தரேன்" என்று லக்ஷ்மி கை நீட்டினாள்.

"நீ எதுக்கு? ஆறு மாசம் படிச்சது அவதானே."

ரஜிதா உட்கார்ந்தாள். லக்ஷ்மி எங்கிருந்தோ ஒரு நூல்கண்டு தேடிக்கொண்டு வந்தாள். ஊசியில் நூல் போகவில்லை. ஒரு தரம். இரண்டு தரம். நாலாவது தரம் போனது.

எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"மெதுவா... ம். அந்த இதை எடுத்து, அந்த இதுக்கு அடியில விடு."

லக்ஷ்மி அவசரமாக ஒரு தும்மலுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

மெஷின் கடகடவென்று ஓடி நின்றது. சஜி சட்டையை வாங்கினான். பையின் பக்கங்கள் கோணல்மாணலாக ஒட்டியிருந்தன. விரலை உள்ளே விட்டான். போகவில்லை. பையின் வாயும் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது.

ரஜிதா தன் மணிக்கட்டை மடியில் வைத்து மூடிக்கொண்டாள்.

சஜி சிரிக்க ஆரம்பித்தான்.

"ஒச்சப்பன் சேட்டா, இங்க பாருங்க! ஆறு மாசப் படிப்பு! பாக்கெட்டுக்குப் பூட்டு போட்டிருக்கா! டீச்சரே, இவளுக்கு சர்ட்டிஃபிகேட் கிர்ட்டிஃபிகேட் குடுத்துடாதீங்க."

"ஃபெயில் பண்ணிடறேன்" என்று சத்தியம் செய்தார் திரிபுரசுந்தரி.

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு சிரித்தபடியே வாசல்படி இறங்கினான். அவன் குரல் தெரு முனைச் சாயாக்கடை வரை கேட்டது. மற்ற மூவரும் மிச்ச சாமானை இறக்கினார்கள்.

மாமி ஒருவழியாக ஃபைலை விட்டு எழுந்தார். "என்னடி தைச்சு வச்சே? எனக்கு உயிரே போயிடுத்து."

"எனக்குத் தைக்கத் தெரியும் மாமி. எங்க அக்கா தேவராவுல பிளவுஸ் தைக்கறா. அவகூட உக்காந்து எத்தனை தைச்சிருக்கேன்."

"பின்னே?"

"ஒழுங்கா தைச்சா, யாருக்குத் தைச்சுப் பழகினன்னு ராத்திரி பூரா கேப்பான். இப்ப பாருங்க, ஊர் பூரா என்னைச் சொல்லிச் சிரிச்சுட்டு, சாப்பிட்டுத் தூங்கிடுவான். எனக்கு இன்னிக்கு அது போதும்."

"அப்ப நாலு தடவை ஊசி கோத்ததும் நடிப்பா?" என்றாள் லக்ஷ்மி.

"அது மட்டும் நிஜம் அக்கா." ரஜிதா கையை நீட்டிக் காட்டினாள். விரல்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன.

அந்த ராத்திரி சஜி சிரித்தான், சாப்பிட்டான், தூங்கினான்.

புதன்கிழமை கோர்ட்டில், சஜிக்கு நோட்டீஸ் போகும் முன்பே, இடைக்கால உத்தரவு கிடைத்தது. ரஜிதா ஒரு பையோடு அங்கிருந்தே தேவராவில் அக்கா வீட்டுக்குப் போனாள்.

வியாழக்கிழமை மதியம் மட்டாஞ்சேரி முக்கில், லோடுக்காகக் காத்திருந்த நீலச் சட்டைகளுக்கு நடுவே ஒரு பெண் அதிகாரியும் ஒரு போலீஸ்காரரும் வந்து சஜியின் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். உத்தரவை அங்கேயே வாசித்தார்கள். ரஜிதாவை நெருங்கக் கூடாது. அவளுடைய அக்கா வீட்டுப் பக்கம் போகக் கூடாது. 'துணை' கட்டிடத்தின் படி ஏறக் கூடாது. கையெழுத்து வாங்கிக்கொண்டு நகலைக் கொடுத்தார்கள்.

அவன் அதே சட்டையில்தான் இருந்தான். இரண்டு நாளாக மூன்று சாயாக்கடைகளில் அந்தப் பையைக் காட்டிச் சிரித்திருந்தான். இப்போது பேப்பரை நாலாக மடித்தான். பழக்கத்தில் கை பைக்குப் போனது. பேப்பர் உள்ளே நுழையவில்லை. மறுபடி திணித்துப் பார்த்தான்.

கூட இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

"கையிலயே வச்சுக்கோடா" என்றார் ஒச்சப்பன்.

பிறகு தெருவைத் தாண்டி வந்து, வாசலில் நின்றிருந்த லக்ஷ்மியிடம் கேட்டார். "அந்தக் கண்ணாடிய எப்ப ஏத்தணும்?"

லக்ஷ்மி விழித்தாள்.

"ஓரம் கிழிஞ்சிருந்ததுல்ல. எனக்கு மலையாளம் படிக்கத் தெரியும் மோளே." அவர் மேலே சுவரை அளப்பது போலப் பார்த்தார். "நாளைக்குக் காலைல வரோம். இவனை விட்டுட்டு மூணு பேர். ஏணி மட்டும் எடுத்து வை."