விசிலுக்குப் பின் ஒரு நிமிடம்

"அந்தக் கிழக்குப் பள்ளத்த நீங்கதானே பாத்தீங்க?" என்று ஜோனி கேட்டபோது என் வாயில் பாதி ரொட்டி இருந்தது. மென்று விழுங்குவதற்குக் கொஞ்சம் அதிகமாகவே நேரம் எடுத்துக்கொண்டேன். பத்தொன்பது வயதுப் பெண். மூன்று நாளாக அதே சாம்பல் நிறச் சட்டை. காணாமல் போனவர் அவளுடைய அப்பா, ரஸ்ஸல் ஓடம். அவருடைய கார் நாங்கள் கூடாரம் போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, வெள்ளிக்கிழமை காலை அவர் நிறுத்திவிட்டுப் போன மாதிரியே நின்றுகொண்டிருந்தது. பகலெல்லாம் அதன் முன்பக்க மூடியின் மேல்தான் ஜோனி உட்கார்ந்திருந்தாள். வெயிலில் தகரம் காய்ந்து சுடும்போது ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள். இறங்கு என்று யார் சொன்னாலும் கேட்கவில்லை.

"ஆமா. நானும் வெர்னும்."

"நல்லாப் பாத்துட்டீங்கல்ல?"

"பாத்தாச்சும்மா" என்றேன். சொல்லிவிட்டு ரொட்டியின் மீதியை யாருக்கும் தெரியாமல் சட்டைப் பைக்குள் திணித்தேன். அதற்குமேல் இறங்கவில்லை.

நான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள். வருஷத்தில் ஒன்பது மாதம் முன்னூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. மீதி நேரத்தில் ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு, நகரத்திலிருந்து இரண்டு பாட்டில் தண்ணீரோடு வந்து எங்கள் முயல்காது மலையில் தொலைந்துபோகிறவர்களைத் தேடுவேன். பதினோரு வருஷமாக இதுதான் பிழைப்பு. பிழைப்பு என்றா சொன்னேன், சல்லிக்காசு கிடையாது. போட்டோ எடுக்கப் போய் வழுக்கியவர்கள், குறுக்குவழி கண்டுபிடித்தவர்கள், பொண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டுக் கோபத்தில் நடந்தவர்கள் என்று எல்லா ரகத்தையும் பார்த்தாயிற்று. பாதிப் பேரை நடத்தியே கூட்டிவந்திருக்கிறோம். சிலரைத் தூக்கி வந்திருக்கிறோம். சிலரைப் பற்றிப் பேச மாட்டோம்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பள்ளத்தின் விளிம்பிலோ பாறைத் திருப்பத்திலோ நின்று மூன்று முறை விசில் ஊத வேண்டும். ஊதி முடித்ததும் ஒரு முழு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். பையின் வார்கூட உரசக் கூடாது, இருமல் வந்தாலும் விழுங்கிக்கொள்ள வேண்டும். மூன்று நாள் தண்ணீரில்லாமல் கிடப்பவனால் கூப்பிட முடியாது. முனகுவான், கல்லைத் தட்டுவான், காலால் சரளையைத் தள்ளுவான். அந்தச் சத்தம் நம் மூச்சுச் சத்தத்திலேயே அமுங்கிவிடும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு மலை ஏறுவதைவிட இதுதான் கஷ்டம். ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்பது அந்த வெயிலில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை நான் நின்றது இருபது வினாடி.

கிழக்குப் பள்ளத்தில் முக்கால் தூரம் உள்ளே போனால், மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் விழுகிற, செங்குத்தான ஒரு பாறைச் சரிவு இருக்கிறது. இரண்டு ஆள் உயரம். அதன் விளிம்பில் நின்று ஊதிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபதாவது வினாடியில் பின்னால் மாவு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் வெர்ன் தரையில் உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்துப்போயிருந்தது. எழுபத்தொரு வயது. ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் குழுவை ஆரம்பித்த நாலு பேரில் இன்னும் மலை ஏறுகிறவர் அவர் ஒருவர்தான். இந்த வசந்தகாலத்தில், முதுகில் இருபது கிலோவோடு நடக்கிற சோதனையில் கடைசி நிமிடத்தில்தான் தேறினார். முகம் செங்கல் மாதிரி சிவந்து வந்து நின்றதைப் பார்த்து நாங்கள் கைதட்டினோமே தவிர ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஓடிப்போய் அவரை நிழலுக்கு இழுத்தேன். கழுத்தில் ஈரத் துணி, உப்புக் கலந்த தண்ணீர். அரை மணி நேரத்தில் கண்ணில் உயிர் வந்தது. வந்ததும் முதல் பேச்சே இதுதான்: "கிரெட்சன்கிட்ட சொல்லிறாத, நோர்மா. சொன்னா என்னக் கொண்டுபோய் ரேடியோ மேசைல உக்கார வச்சிருவா. அப்புறம் வீட்டுக்குப் போய் டிவி பாத்துக்கிட்டே செத்துப்போறதுதான்."

"இங்க செத்தா மட்டும் பரவாயில்லையா? உங்களத் தூக்குறது யாரு? என் இடுப்பு போயிரும்" என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் மனைவி போனபிறகு அந்த மனிதருக்கு இந்த மலையைத் தவிர ஒன்றும் கிடையாது. அது எனக்குத் தெரியும். அவரை மெதுவாக நடத்திக் கூட்டி வந்தேன். விளிம்புக்குத் திரும்பிப் போய் மீதி நாற்பது வினாடியை நிற்கவில்லை. கயிறு போட்டுச் சரிவில் இறங்கவும் இல்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். ஞாபகம் இருந்தது.

அன்று சாயங்காலம், தேடிவந்தவர்கள் நிரப்பித் தர வேண்டிய படிவத்தில் மூன்று கேள்வி. பள்ளத்தின் கடைசிவரை போனீர்களா? ஆம். விசில் ஊதி நின்றீர்களா? ஆம், பதில் இல்லை. அங்கே ஆள் இருந்திருந்தால் உங்கள் கண்ணில் பட்டிருக்க நூற்றுக்கு எவ்வளவு வாய்ப்பு? எண்பது என்று எழுதினேன். கீழே கையெழுத்தும் போட்டேன். முன்னூறு தட்டு கழுவி வைத்துவிட்டு நோட்டில் கையெழுத்துப் போடுகிறவளுடைய கை.

இப்போது திங்கட்கிழமை காலை. கிரெட்சன் லாரியின் பின்கதவை இறக்கிவிட்டு அதில் வரைபடத்தை விரித்திருந்தாள். தேடலை நடத்துவது அவள்தான். குரலை உயர்த்த மாட்டாள், ஆனால் அவள் பேசும்போது நாய்கூடக் குரைக்காது. பார்த்து முடித்த இடங்களில் பச்சைக் கோடு போட்டிருந்தாள். கிழக்குப் பள்ளம் முழுக்கப் பச்சை.

"ஹெலிகாப்டர் வடக்க தீயணைக்கப் போயிருச்சு. இன்னிக்கு நாம பதினாலு பேருதான். கிழக்கு முடிஞ்சது. எல்லாரும் மேற்குச் சரிவுக்குப் போறோம். நாளைக்கு..." என்று நிறுத்தி, காரின் மேல் உட்கார்ந்திருந்த பெண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்கு ஆளக் குறைக்கிறோம்."

அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். நாளையிலிருந்து தேடுவது உடலை. எதிரே நின்ற வெர்னைப் பார்த்தேன். காபிக் கோப்பைக்குள் எதையோ தொலைத்துவிட்ட மாதிரி குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. இந்த மனுஷன் வாயைத் திறந்தால் என்ன? பிறகு, படிவத்தில் இருப்பது என் கையெழுத்து என்று ஞாபகம் வந்தது.

"கிழக்கு முடியல" என்றேன்.

எல்லாத் தலையும் திரும்பியது.

"நான் சரிவுக்குக் கீழ இறங்கல. விசில் ஊதிட்டு முழுசா நிக்கவும் இல்ல. வெயிலு. சோம்பல்பட்டுத் திரும்பிட்டேன். எண்பதுன்னு எழுதுனது பொய்."

டாமி, என் தோழி, ஆஸ்பத்திரி நர்ஸ், எதையும் கிண்டல் செய்யாமல் விடாதவள், அவளே கீழே பார்த்துக்கொண்டு பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள். கிரெட்சன் என்னைப் பார்த்தாள். அப்புறம் வெர்னை. அவர் வெளுப்பை அவள் இப்போதுதான் கவனிக்கிறாளா, மூன்று நாளாகக் கவனித்துக்கொண்டிருந்தாளா, எனக்குத் தெரியாது.

வெர்ன் கோப்பையை லாரிக் கதவில் வைத்தார். "இன்னிக்கு ரேடியோல நான் உக்காந்துக்கறேன், கிரெட்சன்" என்றார். "இனிமேயும் நானே உக்காந்துக்கறேன். அவ ஒண்ணும் சோம்பேறி இல்ல."

அவ்வளவுதான். முதுகுப் பையைக் கழற்றி என் காலடியில் வைத்துவிட்டு மேசைப் பக்கம் நடந்தார். கயிறு அதில்தான் இருந்தது.

"உன்கிட்ட அப்புறம் பேசறேன்" என்றாள் கிரெட்சன் என்னிடம். பச்சைக் கோட்டின் மேல் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டாள். "டாமி, நீ இவகூடப் போ. ஓடுங்க."

ஜோனி காரிலிருந்து இறங்கி நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டதென்று தெரியவில்லை. அவளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒன்றரை மணி நேர நடையை ஒரு மணி நேரத்தில் நடந்தோம். எட்டு மணிக்கே பாறை சுட ஆரம்பித்திருந்தது. முட்செடிகள் கால்சட்டையைப் பிடித்து இழுத்தன. டாமி முன்னால் போனாள். வழக்கமாக அவள் பின்னால் போனால் சிரித்துச் சிரித்தே எனக்கு மூச்சு வாங்கும். இன்றைக்கு அவள் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒரு திருப்பத்தில் நின்று தண்ணீர் குடித்தவள், மூடியைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"வெர்ன் விழுந்தாரா?"

"உக்காந்தார்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல, எரும."

அவள் என்னைத் திட்டியது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அவளைத் தாண்டி நடந்தேன்.

மணலில் என் பூட்ஸ் தடம் சனிக்கிழமையிலிருந்து அப்படியே கிடந்தது. உள்ளே போன தடம் நேராக, திரும்பி வந்த தடம் ஆழமாக. வெர்னின் பாரத்தைத் தாங்கி நடந்த பக்கம் குதிகால் இன்னும் ஆழம். இந்த மலையில் காற்றடித்தால் ஒரே ராத்திரியில் எல்லாம் அழிந்துபோகும். இந்த முறை என்னவோ ஒன்றையும் அழிக்கவில்லை. அதன் மேலேயே மிதித்து நடந்து விளிம்புக்கு வந்தேன். கீழே எட்டிப் பார்த்தால் பெரிய பெரிய பாறைகள், இடுக்கில் நிழல், போன வார மழையின் தண்ணீர் பச்சையாகத் தேங்கிய ஒரு குழி. ஆள் இல்லை. விளிம்பு துருத்திக்கொண்டிருப்பதால் அடியில் என்ன இருக்கிறதென்று மேலிருந்து தெரியாது. ஹெலிகாப்டருக்கும் தெரிந்திருக்காது.

மூன்று முறை ஊதினேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

பத்து. டாமி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பதினைந்து. ஒரு ஈ என் உதட்டில் உட்கார்ந்தது, விரட்டவில்லை. இருபது. இந்த இடத்தில்தான் அன்றைக்குத் திரும்பினேன். ஒன்றுமில்லை. முப்பது. கடவுளே, ஒன்றும் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அவர் இங்கே இல்லாமல், மேற்குச் சரிவில் எங்காவது பத்திரமாக இருக்கட்டும், நான் எழுதிய பொய்யால் யாருக்கும் ஒன்றும் ஆகாமல் போகட்டும். முப்பத்தைந்து. நினைத்த மாத்திரத்தில் என் மேலேயே அருவருப்பு வந்தது.

டொக்.

டாமியின் கண் திறந்தது. நான் விரலைத் தூக்கி அவளை நிறுத்தினேன்.

டொக். டொக்.

கல்லின் மேல் கல். எங்கள் காலுக்கு நேர் கீழே. டாமி விளிம்பில் குப்புற விழுந்து, "ரஸ்ஸல்! ரஸ்ஸல், வந்துட்டோம்! அசையாதீங்க!" என்று கத்தினாள். நான் ரேடியோவை எடுத்தேன். "கிழக்குப் பள்ளம், சரிவுக்கு அடியில. உயிரோட இருக்காரு. பதில் வந்துச்சு."

கரகரப்புக்கு நடுவே மேசைப் பக்கம் யாரோ அழுவது கேட்டது. ஒரு இளம் குரல். பிறகு வெர்ன் பேசினார்.

"நோர்மா. எத்தன செகண்டுல வந்துச்சு பதில்?"

அதைக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மலை முழுக்கப் பதினாலு ரேடியோ திறந்திருந்தது. பத்து என்று சொல்லியிருக்கலாம். இருபதுக்குள் என்றால், அன்றைக்கு அவர் விழுந்ததால் எதுவும் தவறிப்போகவில்லை என்று ஆகியிருக்கும்.

"முப்பத்தெட்டு" என்றேன்.

"சரி" என்றார் கடைசியில். "கயிறு பையோட அடியில இருக்கும். முடிச்சு ரெண்டு தடவ பாத்துக்கோ."

டாமி முதலில் இறங்கினாள், நான் பின்னால். அவர் விளிம்புக்கு அடியில், குகை மாதிரி குடைந்திருந்த இடத்தில் மல்லாந்து கிடந்தார். வலது கால் பார்க்கக்கூடாத கோணத்தில் திரும்பியிருந்தது. தண்ணீர்க் குழிவரை தவழ்ந்து போய்வந்த தடம் மணலில் இழுபட்டிருந்தது. உதடு வெடித்து, முகம் வீங்கி, ஜோனி காட்டிய போட்டோவில் இருந்த ஆள் என்று சொல்லவே முடியாது. கண் மட்டும் திறந்திருந்தது. டாமி நாடியைப் பிடித்தாள். நான் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, துணியை நனைத்து உதட்டில் ஒற்றினேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். அவர் என்னவோ சொன்னார். காதைக் கொண்டுபோய் வைத்தேன்.

"அன்னிக்கும்... தட்டுனேன்."

"தெரியும்" என்றேன். "நான்தான் அன்னிக்கு ஊதுனது. நிக்காமப் போயிட்டேன்."

அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. என் கையில் இருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வலது கைக்குப் பக்கத்துப் பாறை முழுக்க, கை எட்டுகிற உயரம்வரை, வெள்ளை வெள்ளையாகத் தழும்பு. ஒன்றின் மேல் ஒன்றாக, எண்ண முடியாத அளவுக்கு. அடியில் கல்பொடி ஒரு கைப்பிடி சேர்ந்திருந்தது.

"கல்ல விடச் சொல்லு, நோர்மா. அந்தக் கைலதான் ஊசி போடணும்" என்றாள் டாமி.

முஷ்டியைப் பிரிக்கப் பார்த்தேன். விரல்கள் வரவில்லை. "வந்துட்டோம், ரஸ்ஸல். போதும், விடுங்க. ஜோனி கீழ காத்துக்கிட்டு இருக்கா" என்றேன். மகளின் பெயரைக் கேட்டதும் கண்ணோரம் ஈரம் வந்தது. ஆனால் கை என் பிடியிலிருந்து நழுவி, மெல்ல உயர்ந்து, பாறையில் மூன்று முறை தட்டியது. நின்றது. மறுபடி மூன்று முறை தட்டியது.