முதலில் உயர்ந்த கை

“ஏம்மா, இந்த ஊரை யாரு நடத்துறாங்க?”

கெஸ்லர் என்ற ஆராய்ச்சி மாணவர் இதைக் கேட்டபோது எனக்குப் பதினாறு வயது. பள்ளியை விட்டு நின்று, நகர மன்றத்துச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊரில் வீடு வீடாகக் கேட்டுவிட்டு, கடைசியில் என்னிடம் வந்திருந்தார். காபியை அவர் முன் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது. அப்பாவிடம் கேட்டேன்.

“வீட்டையா, ஊரையா? வீட்டை உங்கம்மா. ஊரை ஆல்டிஸ் ஐயா.”

ஆல்டிஸ் கம்பளி ஆலை முதலாளி. ரொட்டிக்கடைக்காரரும் அவர் பெயரைத்தான் சொன்னார். தபால் நிலையத்து அம்மாளுக்கோ கோபம் வந்துவிட்டது. வருஷா வருஷம் ஊர்க்கூட்டத்தில் கை தூக்கி எல்லாவற்றையும் முடிவு செய்வது நாமா, அவரா என்று என்னையே திருப்பிக் கேட்டார். இதைச் சொன்னபோது, இதே சண்டைதான் தன் பேராசிரியர்களுக்குள்ளும் நடக்கிறது என்றார் கெஸ்லர். மேலே இருக்கும் நாலு பேர்தான் எல்லாம் என்பது ஒரு கட்சி. இல்லை, இன்றைக்கு ஒரு கூட்டம் ஜெயிக்கும், நாளைக்கு வேறொன்று என்பது இன்னொரு கட்சி.

“கூட்டத்துல யாரு கை முதல்ல மேல போகுதுன்னு பாரு. அதுல தெரிஞ்சிடும்” என்றார்.

அந்த மார்ச் மாதக் கூட்டத்தில் நடைபாலம் விவாதத்துக்கு வந்தது. ஆற்றுப் பனிக்கட்டி மோதி அதன் பலகைகளில் பாதி போயிருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் குடியிருந்தவர்கள் கனடாவிலிருந்து ஆலை வேலைக்கு வந்த, எங்களைப் போன்ற பிரெஞ்சுக் குடும்பங்கள். அப்பாவுக்கு ஒரு கால் ஊனம். பெரிய பாலத்தைச் சுற்றிக்கொண்டு தினமும் ஆலைக்குப் போய்வர அவரால் முடியாது. நடைபாலம் இல்லையென்றால் வேலையும் இல்லை. அதைச் சரிசெய்தால் வரி ஏறும், அதனால் வேண்டாம் என்று ஆல்டிஸ் முன்பே சொல்லியிருந்தார்.

கூட்டத்தில் அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அப்பா கடைசி வரிசையில். நான் காபிக் கூஜாவோடு ஜன்னலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றேன், பக்கத்தில் கெஸ்லர் நோட்டும் கையுமாக. அடுப்பின் சூடு தாங்காமல் யாரோ ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். குளிர்காற்று நேராக ஆல்டிஸின் வழுக்கைத் தலையில் அடித்தது.

“பாலத்தைச் சரிசெய்ய சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க” என்றார் தலைவர்.

ஒரு கையும் எழவில்லை. கடைசி வரிசையில்கூட எல்லோரும் தொப்பியை மடியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது ஆல்டிஸ் கையைத் தூக்கினார். ஆலையில் அவர் அதிகம் பேசமாட்டார். கை உயர்ந்தால் மேஸ்திரி ஓடிவந்து வேண்டியதைச் செய்வார். இப்போது அவர் கண் என்மேல் இருந்தது, பிறகு ஜன்னலுக்குப் போனது. எனக்குப் புரிந்துவிட்டது.

ரெண்டு எட்டு வைத்தால் ஜன்னல். நான் நகரவில்லை.

அவருக்குப் பின்னால் ரொட்டிக்கடைக்காரரின் கை உயர்ந்தது. அவரைப் பார்த்துத் தபால் அம்மாள். பிறகு பின்வரிசைகள், கடைசியில் அப்பா. நாற்காலிகள் கிரீச்சிடும் சத்தத்தில் ஆல்டிஸ் திரும்பிப் பார்த்தார். மன்றம் முழுக்கக் கைகள். ஜன்னலைச் சாத்தத்தான் சொன்னேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை யோசிக்கிறேன். எண்ணி முடிக்கும்வரை அவர் கை இறங்கவே இல்லை.

பாலத் தீர்மானம் நிறைவேறியது. கெஸ்லர் வேகவேகமாக எழுதிக்கொண்டே என் பக்கம் குனிந்தார்.

“பாத்தியா? அவருதான் முதல்ல.”

நான் அவர் கோப்பையில் காபியை ஊற்றினேன்.

ஆல்டிஸ் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். என்னருகே வந்து, தன் கையாலேயே ஜன்னலை இறக்கிச் சாத்தினார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வெளியே போனார்.