மாமா பார்த்த எக்ஸ்ரே

கூட்டம் ஐந்தரைக்கு என்றிருந்தும், ஐந்தே காலுக்கே அவளை மேடையில் உட்கார வைத்துவிட்டார்கள். உணவு விடுதியின் மாடி அறை. நீள மேசையைச் சுவரை ஒட்டிப் போட்டிருந்ததால், நடுவில் இருப்பவர் வெளியே வர வேண்டுமென்றால் ஒரு பக்கம் முழுக்க எழுந்து வழிவிட வேண்டும். அவள்தான் நடுவில். வலப்பக்கம் சேவைச் சங்கத்தின் தலைவரான பல் மருத்துவர். இடப்பக்கம் மாமா.

மாமா முதலில் அவளுக்குப் பயிற்சியாளர், பிறகு மாமனார். பதினான்கு வயதில் அவளைத் தடை ஓட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தவர், இருபத்து மூன்றில் தன் மகனுக்கும் அவளையே தேர்ந்தெடுத்தார். சங்கத்தில் பழைய உறுப்பினர். எந்த வாரம் சிறப்பு விருந்தினர் கிடைக்கவில்லையோ, அந்த வாரம் ஏதாவதொரு கிளைக்கு மருமகளைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். இது பதினோராவது கூட்டம்.

செயலாளர் போன வாரக் கண் பரிசோதனை முகாமின் அறிக்கையை வாசித்தார். பிறந்தநாள் கண்ட உறுப்பினரை எழுப்பி நிறுத்திக் கைதட்டினார்கள். பிறகு மாமா மைக்கைப் பிடித்தார்.

"இனி கரண்ட் போனாத்தான் நிறுத்துவார்" என்று பல் மருத்துவர் அவள் காதருகே சொல்லிச் சிரித்தார்.

"கடைசித் தடையைத் தாண்டும்போது இவ கால் எலும்பு விரிசல் விட்டுடுச்சு. வேற யாராவதா இருந்தா அங்கேயே படுத்திருப்பாங்க. இவ ஓடினா! வெள்ளி வாங்கினா! வலிங்கிறதெல்லாம் மனசுலதான் இருக்கு" என்றார் மாமா.

எந்த இடத்தில் கைதட்டுவார்கள், எங்கே மாமா தண்ணீர் குடிப்பார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவள் எழுந்து, "எல்லாம் மாமாவாலதான்" என்று சொல்லி உட்கார வேண்டும். அவ்வளவுதான் அவள் பேச்சு. கம்பி வைத்த இடது கால் மரத்துப்போயிருந்தது. நீட்ட இடமில்லை.

எழுந்தாள், சொன்னாள், உட்கார்ந்தாள்.

"யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார் தலைவர்.

பின்வரிசையிலிருந்து கண்ணாடிக் கடைக்காரம்மா எழுந்தாள். "என் பொண்ணும் சார்கிட்டதாங்க ஓட்டம் பழகுறா. ஒரு மாசமா முழங்காலுக்குக் கீழ வலிங்கிறா. படியேறவே அழறா. ஓட ஓடச் சரியாயிடும்ங்கிறார் சார். நீங்க அனுபவப்பட்டவங்க, சொல்லுங்க."

"அந்தம்மாவுக்குத் தைரியம் சொல்லும்மா" என்று மாமா மைக்கை நகர்த்தினார். மேசைக்குக் கீழே அவர் விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தன.

இந்தக் கூட்டம் முடிந்ததும் அதே கார், அதே வீடு, அப்பா பேச்சுக்கு மறுபேச்சில்லாத கணவன்.

"எக்ஸ்ரே எடுத்தீங்களா?" என்றாள்.

"சார் வேண்டாம்னுட்டாரே."

"நாளைக்கே எடுங்க. அதுவரைக்கும் ஓட விடாதீங்க." மணிக்கட்டை உருவிக்கொண்டாள். "எனக்கு விரிசல் அந்த ஓட்டத்துல விழலை. மூணு வாரம் முன்னாடியே விழுந்துடுச்சு. மாமா எக்ஸ்ரேயைப் பார்த்தார். யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னார். நானும் விடலை. அந்த ஓட்டத்துக்கப்புறம் நான் ஓடினதே இல்லை."

"அவளுக்குக் காலையிலேர்ந்து உடம்பு சரியில்லை" என்றார் மாமா, சிரித்த முகம் மாறாமல். தலைவர் அவசரமாக மணியடித்துக் கூட்டத்தை முடித்தார். எழுந்து ஓடிவிடலாமென்று பார்த்தாள். வழிவிட ஒருவரும் எழவில்லை. நினைவுப் பரிசை அங்கேயே கையில் திணித்துப் படம் எடுத்தார்கள்.

காரிலிருந்தே மாமா மகனைப் போனில் அழைத்து நடந்ததைச் சொன்னார். வீட்டுக்குள் நுழைந்ததுமே கணவன் கேட்டான்.

"அத்தனை பேர் முன்னாடி அப்பா மானத்தை வாங்கணுமா?"

"அந்த எக்ஸ்ரேயைப் பத்தி உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவன் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்தான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

மூன்றாம் நாள் கண்ணாடிக் கடைக்காரம்மா போன் செய்தாள். மகளின் எலும்பில் மயிரிழை போல ஒரு கோடு. மூன்று மாதம் ஓடக்கூடாதாம். "நல்லவேளை" என்று சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் பிள்ளைகளைப் பயிற்சியிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

மாமா இப்போது அவளோடு பேசுவதில்லை. எதிரிலேயே சாப்பிட உட்கார்ந்துகொண்டு, "தண்ணியை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்று மகனிடம் சொல்கிறார்.

அவள் தள்ளுகிறாள்.