கேப்டனுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும்

லூயிசாவின் பூனைக்குக் கேப்டன் என்று பெயர் வைத்தவன் அவள் புருஷன் ஏனோக். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தை மேற்பார்க்கும் வெள்ளைக்காரக் கேப்டனைப் போலவே அதுவும் காலையில் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குள் ஒவ்வொன்றாக நுழைந்து, அடுப்படியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு வேலையும் செய்யாமல் திரும்பி வரும். எலியைக் கண்டால் லூயிசாவின் தோளில் ஏறிக்கொள்ளும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் ஆள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால்தான் அது சாப்பிடும் என்பதுதான் பெரிய தொல்லை. பேச்சு நின்றால் வாயை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும்.

லூயிசா ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு இட்லி விற்பவள். ஒரு பனிக்காலத்துக் காலையில், அவசரத்தில் கேப்டனுக்குக் கருவாட்டை வைத்துவிட்டுச் சட்னி அரைக்கப் போனாள். திரும்பி வந்தால், கருவாடு வைத்தபடி இருக்கிறது. கேப்டன் இட்லிக் கூடைக்குள் சூடாகச் சுருண்டு தூங்குகிறது. இட்லி அத்தனையும் நசுங்கி அடையாகிவிட்டது.

அன்றைக்கே பூனையைத் தூக்கிக்கொண்டு ஆண்டர்சன்பேட்டைக்குப் போனாள். அங்கே தானியக்கடை வைத்திருந்த ஜெயகரன் எலித் தொல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

"எலி புடிக்குமா?" என்று கேட்டார்.

"மீசையப் பாருங்கண்ணா. புடிக்காம இன்னா?"

அது சாப்பிடும் விதத்தைச் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் வேண்டாம் என்றுவிடுவாரோ என்று விழுங்கிக்கொண்டாள்.

ஏனோக் திட்டவில்லை. சாப்பிடும்போது மட்டும் பக்கத்தில் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அதைப் பார்க்கப் பொறுக்காமல், ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டதும் அவள் கடைக்கு நடந்தாள்.

"இன்னாம்மா, சீக்குப் பூனையக் குடுத்துட்டியே!" என்றார் ஜெயகரன். "பால் வெச்சேன், மீன் வெச்சேன். தட்டு முன்னாடி குந்திக்கினு என் மூஞ்சியவே பாத்துச்சு. இன்னும் வேணுமோன்னு மேல மேல போட்டுட்டுக் கடையப் பூட்டிக்கினு போவேன். காலையில வெச்சது வெச்சபடி கெடக்கும். அப்புறம் எங்கியோ பூட்ச்சி."

லூயிசா கடையை விட்டு இறங்கினாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே. கண்ட சந்தெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே போனாள்.

ஸ்கெலட்டன் லைனில் ஒரு வீட்டுக்குள் யாரோ ஓயாமல் பேசும் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தாள். போன வருஷம் சுரங்கத்தில் பாறை சரிந்து புருஷனைப் பறிகொடுத்த மரியகுழந்தை, தட்டோடு தரையில் உட்கார்ந்து பாதிரியாரின் இருமலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரே, எலும்பும் தோலுமாய்க் கேப்டன் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"வாம்மா, இந்த அதிசயத்தப் பாரு. நான் பேசினாத்தான் துன்னுது. அவரு போனதிலேர்ந்து இந்த வூட்ல நான் வாயத் தொறந்ததே இல்ல. இது வுட மாட்டேங்குது." சட்டென்று அவள் முகம் மாறியது. "உன்னுதா?"

பேச்சு நின்றதும் கேப்டன் நிமிர்ந்தது. லூயிசாவை ஒருமுறை பார்த்தது. பிறகு மரியகுழந்தையின் முகத்தையே பார்த்துக் காத்திருந்தது.

"இல்லக்கா. குடிக்கத் தண்ணி கேக்கலாம்னு வந்தேன்."

வீட்டுக்கு வந்து ஏனோக்கிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நல்லா கீறானா?"

"எளச்சிட்டான்."

"பேர் சொல்லிக் கூப்பிட்டியா?"

"இல்ல."

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பான்."

வந்திருக்காது என்றுதான் லூயிசாவுக்குத் தோன்றியது. அதை அவனிடம் சொல்ல மனம் வரவில்லை.