ஏழாவது கேள்வி

தையல் பயிற்சியில் முப்பது பெண்கள் படித்தார்கள். படித்து என்ன ஆனார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு வர, அந்த முப்பதில் ஒருத்தியையே நலத்துறை அலுவலகம் பிடித்துப் போட்டது. மூன்று வார வேலை. வகுப்பில் அவளுக்கு ஊசி என்று பெயர். ஆள் அவ்வளவு ஒல்லி. படித்து முடித்த பிறகு ஆறு மாதம் கடை கடையாக அலைந்து, சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் வேலைகூடக் கிடைக்காதவள், தையல் படித்தவர்களுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்கும் வேலையில் வந்து நின்றாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

கடைசி நாள், நாலாவது மாடியில் பாபின் அக்கா வீடு. மெஷினில் நூல் சுற்றும் பாபின் மாதிரி ஓரிடத்தில் நில்லாமல் சுற்றிக்கொண்டே இருப்பாள் என்று வகுப்பில் வைத்த பெயர் அது. ஒரே அறை. ஜன்னலோரம் பக்கவாதத்தில் படுத்துவிட்ட புருஷன். கட்டிலை ஒட்டிப் பயிற்சியில் கொடுத்த மெஷின், அதன்மேல் மாத்திரை டப்பாக்கள்.

ஊசியின் கையிலிருந்த டேப்லெட்டில் சிவப்புப் புள்ளி எரிந்தது. பேசுவதெல்லாம் பதிவாகும். இவள் ஒழுங்காகக் கேட்கிறாளா, கதை கட்டுகிறாளா என்று அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து கேட்பார். அந்தப் புள்ளியைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏழாவது கேள்விதான் கழுத்தறுப்பு. 'கடந்த ஏழு நாட்களில் ஒரு மணி நேரமாவது கூலிக்கு வேலை செய்தீர்களா?' ஆம் என்றால் அந்த ஆள் வேலையில் இருக்கிறார், பயிற்சி வெற்றி. வேலையில் இருப்பவருக்கு நலத்துறை மாதாமாதம் தரும் உதவித்தொகை எதற்கு? அடுத்த மாதமே நின்றுவிடும். இந்த வீட்டில் சோறும் மாத்திரையும் அந்தத் தொகையில்தான் ஓடின. அதனால் உள்ளே வருமுன்பே, படிக்கட்டில் வைத்து ஊசி காதைக் கடித்திருந்தாள்.

"அக்கா, ஏழாவதுக்கு இல்லைன்னு சொல்லிடுங்க. வேற எதையும் இழுக்காதீங்க."

படுத்திருப்பவனிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைக்க இருவருக்கும் தோன்றவில்லை.

கேள்வி வந்தது. "இல்ல," என்றாள் பாபின் பளிச்சென்று.

"என்னது, இல்லையா?" கட்டிலிலிருந்து குரல். வாய் கோணி, வார்த்தை வழுக்கி வந்தாலும் ஒவ்வொன்றும் புரிந்தது. "ஏம்மா, இவ கூச்சப்படுறா. நேத்துக்கூட கீழ்வீட்டு டீச்சருக்குக் கோட்டு தச்சுக் குடுத்தா. காலையில உக்காந்தவ மத்தியானம்தான் எழுந்தா. சும்மா இல்ல, கூலி வாங்கித்தான்! அந்தக் காலரை நீ பாத்திருக்கணும், கடைக்காரன் தோத்தான். எம் பொண்டாட்டி சம்பாதிக்கிறான்னு நல்லா எழுதிக்கோ."

பாபின் ஊசியைப் பார்த்தாள். ஊசி சிவப்புப் புள்ளியைப் பார்த்தாள். விரல் 'இல்லை'யின் மேல் போய் நின்றது. 'இல்லை'யை அழுத்தி, அலுவலகத்தில் பதிவைக் கேட்டுவிட்டால் அக்கா மேல் பொய் சொன்ன குற்றமும் சேரும், அதற்காகத்தான் அழுத்தவில்லை என்று பிற்பாடு யாரிடமாவது சொல்லிக்கொள்ளலாம். ஆனால் முதலில் தோன்றியது தன் பிழைப்புதான். அடுத்த கணக்கெடுப்புக்குக் கூப்பிடமாட்டார்களே என்ற பயம். அவள் 'ஆம்' அழுத்தினாள்.

கடைசிக் கேள்வியை ஒப்புக்கு வாசித்தாள். "பயிற்சியால் உங்கள் நிலைமை முன்னேறியதா?"

"முன்னேறாம?" என்றான் புருஷன்.

பாபின் தலையாட்டினாள். திரையைத் தொட்டதும் புள்ளி அணைந்தது.

வாசலுக்கு வெளியே வந்ததும் ஊசி டேப்லெட்டைப் பைக்குள் திணித்தாள். "பாவி நான். மன்னிச்சிடுங்கக்கா."

பாபின் கதவை மெதுவாகச் சாத்தினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது ஊசிக்கு.

"படுத்த நாள்லேர்ந்து என்னைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொன்னதில்ல அந்த மனுஷன். இன்னிக்குத்தான் சொன்னாரு," என்றாள். பிறகு ஊசியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தொகை நின்னா, ஆபீசுல ஏதோ குளறுபடின்னு சொல்லிக்கிறேன். நீயும் அப்படியே சொல்லு. அவரு வாயாலதான் போச்சுன்னு மட்டும் அவருக்குத் தெரியவே கூடாது."