உலக சாம்பியனுக்கு வாழ்நாள் தடை

1950-ல் பியூனஸ் அயர்ஸில் முதல் உலகக் கூடைப்பந்துப் போட்டி நடந்தது. எங்கள் அர்ஜென்டினா ஜெயித்தபோது, அணியில் ஆடிய என் தம்பி எவரிஸ்தோவை யார் யாரோ தோளில் தூக்கிக்கொண்டார்கள். செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்திப் பந்தம் பிடித்தபடி கொரியென்தெஸ் சாலை முழுக்க ஊர்வலம். அவனுக்கு இருபத்திரண்டு வயது. மறுநாள் காலை, புகை வாசம் போகாத தலையோடு எங்கள் கடையில் நின்று, உள்ளே பூரணம் வைத்த மாவுச் சதுரங்களான ரவியோலி வெட்டினான்.

"சாம்பியன் கையால ரெண்டு தட்டு குடுப்பா!" என்று தெருவே வந்து நின்றது.

அன்றைய ஜனாதிபதி அணிக்கு விருந்து வைத்து, ஆளுக்கொரு கார் இறக்குமதி செய்ய அனுமதி கொடுத்தார். எவரிஸ்தோவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அனுமதியை விற்று, தோள்வலியோடு மாவு பிசைந்துகொண்டிருந்த அப்பாவுக்கு இயந்திரம் வாங்கிக் கொடுத்தான்.

ஐந்து வருஷத்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடினார். அவர் கையால் எதையாவது வாங்கியவர்களை எல்லாம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இருந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு தம்பியும் போனான்.

"என்னடா கேட்டாங்க?"

"அனுமதி வாங்கினியான்னு கேட்டாங்க. வாங்கினேன்னேன். அப்போ நீ காசுக்கு ஆடுறவன்னாங்க. இல்ல சார், நான் ரவியோலி வெட்டுறவன்னு சொன்னேன். சிரிச்சாங்க அக்கா."

காசுக்கு ஆடுவது அன்று விதிமீறல். அதைச் சொல்லி மொத்த அணிக்கும் வாழ்நாள் தடை வந்தது. எங்கும், எந்த அணிக்கும், எப்போதும் ஆடக்கூடாது.

"ஆட்சி மாறும்டா" என்றேன்.

"மாறும். அதுவரைக்கும் என் முட்டி இருக்கணுமே."

அந்தக் கோடையில் எங்கள் பேட்டை கிளப்பில், கல்யாணம் ஆனவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் வழக்கமான ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். ஒரு பக்கம் அடுப்பில் இறைச்சி வெந்துகொண்டிருந்தது.

"டேய் எலும்பா! உன்னைத்தான் எவளும் கட்டிக்கலியே, இந்தப் பக்கம் வந்து நில்லு!" என்று கத்தினார்கள்.

வெட்கப்பட்டுக்கொண்டே இறங்கினான். இரண்டு கூடை போட்டான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அப்போது கிளப் செயலாளர் ரோமுலோ ஆடுகளத்துக்குள் வந்தான். என் தம்பியோடு ஒரே தெருவில் வளர்ந்தவன்.

"யாராவது மேல சொல்லிட்டா கிளப்பையே மூடிடுவாங்கடா. நீ… வெளிய வந்துடு" என்றான். சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது.

எவரிஸ்தோ பந்தை ரோமுலோ கையில் வைத்தான். "நீ ஏன்டா அழுற?" என்று அவன் முதுகில் தட்டிவிட்டு, அடுப்பருகே போய் இறைச்சியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான். எல்லோருக்கும் பரிமாறினான். அவன் ஒரு துண்டுகூடத் தொடவில்லை.

அதன் பிறகு கிளப் இருந்த தெரு வழியாக அவன் போனதே இல்லை.

பத்து வருஷம் கழித்து, ரோமுலோ மூச்சிரைக்கக் கடைக்கு ஓடிவந்தான். "தடைய எடுத்துட்டாங்கடா! சனிக்கிழமை கிளப்புக்கு வா!"

எவரிஸ்தோவுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. "எதுக்கு?" என்றான்.

"எதுக்கா? ஆடத்தான்டா மடையா!"

சனிக்கிழமை நானும் கூடப் போனேன். அங்கிருந்த இளைஞர்களுக்கு அவன் யாரென்றே தெரியவில்லை. கூடைக்கருகே தனக்குப் பழகிய இடத்தில் போய் நின்று கையை உயர்த்தினான். நடுவர் விசில் ஊதினார்.

"மூணு செகண்டுக்கு மேல அங்க நிக்கக்கூடாது பெரியவரே. கோட்டைப் பார்க்கலியா?"

குனிந்து பார்த்தான். தடையிருந்த காலத்தில் விதி மாறி, கூடைக்குக் கீழே இருந்த கட்டத்தை அகலமாக்கிவிட்டார்கள். அவன் ஆடிய காலத்தில் அந்த இடம் கட்டத்துக்கு வெளியே இருந்தது. ஒரு முறை தள்ளி நின்று பார்த்தான். பந்து வந்தது, அவன் எம்பவில்லை. மெல்ல நடந்து என்னருகே வந்து உட்கார்ந்தான்.

"முட்டி வலிக்குதாடா?"

தலையாட்டி மறுத்தான். "தடை இருந்தப்பகூட நான் ஆட்டக்காரன்தான் அக்கா. ஆட விடல, அவ்வளவுதான்னு நெனச்சுப்பேன். இப்ப விட்டுட்டாங்களே."

பேருந்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இறங்கும்வரை அவன் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. நான் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய முடியும்?